நீளம் கருதி

டிரெய்லரில் அக்கா கண் இமைக்கிற நேரம்தான் வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா, மர பெஞ்சு, மடியில் ஒரு சட்டை, நிமிர்ந்து பார்க்கும் முகம். அதற்குள் ஹீரோவின் கார் சீறிக்கொண்டு வந்து திரையை அடைத்துவிட்டது. அந்த ஒரு இமைப்பை வைத்துக்கொண்டு அவள் வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவு ஒரு வாரம் பொழுதை ஓட்டியது. சாப்பாட்டு இடைவேளையில் மொபைலை மேஜை நடுவில் சாய்த்து வைத்து, ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரிக்கு ‘மைக் செட்’ என்று பட்டப்பெயர். அவள் உள்ளே ரகசியம் பேசினால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் பதில் சொல்வார். அவள் புண்ணியத்தில் சேதி பிஸ்கட்டுக்கு முன்னாலேயே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“டேய், பாத்தியா?” என்று அக்கா போன் செய்தாள். “மொகம் எவ்ளோ பெரிசா தெரியுதுடா! உங்க மாமா பாத்துட்டு, இது யாரு, எங்கயோ பாத்த மொகமா இருக்கேங்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு மனுஷன் என்னை உத்துப் பாக்கறதுக்கு ஒரு சினிமா வேண்டியிருக்கு.”

“ஆமாக்கா” என்றார் தம்பி.

“மொத நாளே வர்றோம். எங்க செக்‌ஷன் மொத்தமும் லீவு சொல்லியாச்சு. நீயும் எங்ககூடத்தான் உக்காரணும், சொல்லிட்டேன்.”

“சரிக்கா.”

தம்பிதான் படத்தின் இயக்குநர். கதை, திரைக்கதை, வசனமும் அவரே. படத்தில் அக்கா இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் காட்சியைத் தூக்கச் சொன்னதும் அவரேதான். டிரெய்லர் வெட்டுகிறவர்கள் தனி ஆட்கள். படம் முழுசாக முடிவதற்குள்ளேயே கைக்குக் கிடைத்த துண்டுகளை வாங்கிக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித்தான் படத்தில் இல்லாத அக்கா டிரெய்லரில் இருந்தாள். போனை வைத்துவிட்டு இயக்குநர் போய் முகம் கழுவினார். போன் பேசிவிட்டு முகம் கழுவுகிற பழக்கம் அவருக்கு அதற்குமுன் இருந்ததில்லை.

அவருடைய தொழில் வாழ்க்கையைச் சொல்வதற்கு ரொம்ப நேரம் பிடிக்காது. தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுக்க உதவி இயக்குநர். முதல் படம் நன்றாக ஓடியது. இரண்டாவது படம் வந்ததே பல பேருக்குத் தெரியாது. மூன்றாவது பாதியில் நின்றது. அதற்குப் பிறகு போன் அடிப்பது நின்றது. சினிமாவில் யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. போனை எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த வறண்ட வருஷங்களில் அவர் அக்கா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினார். எழுதிய கதையை முதலில் கேட்டவளும் அக்காதான்.

கதை சொல்வது என்றால் நீங்களும் நானும் சொல்கிற மாதிரி இல்லை. சினிமாவில் அது ஒரு தனி வித்தை. தயாரிப்பாளர் சோபாவில் சாய்ந்திருப்பார். எதிரே இயக்குநர் ஹீரோவாக நடந்து, வில்லனாக உறுமி, கதாநாயகியாக வெட்கப்பட்டு, இடையிடையே பின்னணி இசையையும் வாயாலேயே போட வேண்டும். நம்மவர் இதில் கில்லாடி. மாடியில் அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்பாள். அவள் கை நின்றால் காட்சி தேறிவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் மடித்துக்கொண்டே போனால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவார். இப்போதைய ஹீரோவை மடக்கிப் போட்ட கதையும் அந்த மாடியில் தேறியதுதான்.

அக்கா நடிக்க வந்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவை ஒரே ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். வர வேண்டிய நடிகை வேறொரு படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டு கையை விரித்துவிட்டார். ஹீரோவுக்கு டாக்டர் வேஷம். ஆபரேஷனில் இறந்துபோன பையனின் அம்மாவிடம் வந்து அதைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு பக்க வசனம். அம்மாவுக்கு “ஐயோ, என் புள்ள!” என்று ஒரே வரி, அப்புறம் கதறல். தம்பி வேலை செய்வதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்த அக்கா, லைட்டுகளுக்குப் பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“நீ வந்து உக்காருக்கா, வேற வழியில்லை” என்றார் இயக்குநர்.

“எனக்கு என்னடா தெரியும்?”

“ஒண்ணும் தெரிய வேணாம். அவர் சொல்றதைக் கேளு. கேட்டுட்டு அழு.”

அக்கா அழவில்லை. ஹீரோ ஒரு பக்க வசனத்தையும் ஏற்ற இறக்கத்தோடு பேசி முடிக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் வீட்டுக்குத் திரும்பும்போது போட்டுக்கொள்வான் என்று அந்த அம்மா கொண்டுவந்த சட்டை மடியில் இருந்தது. அக்கா அதை எடுத்தாள். பித்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டாள். கைகளை உள்ளே மடித்தாள். காலரை நீவிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, “அப்ப இந்தச் சட்டையை யார்கிட்ட குடுக்கறது?” என்று கேட்டாள்.

‘கட்’ சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை. கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. லைட்மேன் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஒருவழியாக ‘கட்’ விழுந்ததும் அக்கா பதறிப்போனாள். “ஐயையோ, வசனம் மறந்துடுச்சுடா! அழுகையும் வரலை. இன்னொரு வாட்டி எடுக்கலாமா?”

“வேணாம்” என்று மட்டும் சொன்னார் இயக்குநர். தனக்கும் கண் கலங்கியிருந்ததை மற்றவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று அடுத்த ஷாட்டுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார். இந்தக் காட்சி ஒன்று போதும், படம் பேசப்படும் என்று உள்ளுக்குள் குதித்தார். “நல்லா பண்ணினேக்கா” என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

படத்தைத் தொகுத்து முடித்து ஹீரோவுக்குப் போட்டுக் காட்டினார்கள். சின்ன அறை, ஏசி குளிர், ஒரே ஒரு நல்ல நாற்காலி, அதில் ஹீரோ. பக்கத்தில் அவருடைய மேனேஜர், கம்ப்யூட்டர் முன்னால் எடிட்டர், கதவோரம் இயக்குநர். ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. திரையில் ஹீரோ உருகி உருகிப் பேசினார். அறையில் இருந்தவர்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹீரோவும் சட்டையைத்தான் பார்த்தார், அதுதான் வம்பாகப் போயிற்று.

“இந்த எடம் கொஞ்சம் நீளமா...” என்று அவர் ஆரம்பித்தார்.

“ஆமா சார், நானே சொல்லணும்னு இருந்தேன். தூக்கிடலாம்” என்றார் இயக்குநர்.

ஹீரோ வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருப்பார். தன் முகத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லியிருப்பார். ஒருவேளை நீளமாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யார் கண்டது? அடுத்த படமும் உங்களுக்குத்தான் என்று அன்று காலையில்தான் மேனேஜர் இயக்குநரின் காதைக் கடித்திருந்தார். அந்தக் காது வேறெதையும் கேட்கிற நிலையில் இல்லை.

எடிட்டரின் கை அப்படியே நின்றது. “முழுசாவா சார்?”

“முழுசா.”

எடிட்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேலையைச் செய்தார். ஹீரோ இவர் கழுத்தில் கத்தியை வைத்து வாங்கியிருந்தாலாவது பாவம் பிழைப்பு என்று தன்னைத்தானே மன்னித்துக்கொள்ளலாம். கேட்கக்கூடச் செய்யாதவருக்குத் தானே ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்தாயிற்று. அந்த அறையையும் அந்தப் பார்வையையும் நினைக்கும்போதெல்லாம் இயக்குநருக்கு உடம்பு கூசியது.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்யாத நாள் இல்லை. ‘நீளம் கருதி எடுக்க வேண்டியதாப் போச்சுக்கா’ என்று வசனம்கூட எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். படம் வெளியாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே அவள் வீட்டுக்குப் போனார். அக்கா கண்ணாடி முன்னால் இரண்டு புடவைகளைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

“எதுடா நல்லா இருக்கு? தியேட்டர்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கல்ல.”

“இருட்டுல எந்தக் கலரும் ஒண்ணுதான்” என்றார் மாமா.

“உங்ககிட்ட கேட்டேனா? நீ சொல்லுடா.”

மூன்று மணி நேரக் கதையை மூச்சு விடாமல் சொல்லி, கல்லுளிமங்கன் தயாரிப்பாளர்களையே கண் கலங்க வைத்த மனிதருக்கு ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டவில்லை. “நீலம் நல்லா இருக்குக்கா” என்றார். கொடுத்த டீயைக் குடித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பும் வழியில் தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதல் நாள் பகல் காட்சி. ஒரு வரிசை முழுக்க பேக்கிங் பிரிவு. அக்கா நீலப் புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் தம்பி. ஹீரோ வந்தபோது விசில் காதைப் பிளந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். படம் நன்றாகப் போகிறது என்று இயக்குநருக்குப் புரிந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த சத்தம் அது! அதைக் காது கொடுத்துக் கேட்கக்கூட முடியாமல் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் அக்கா அவர் பக்கம் சாய்ந்தாள். “இனிமேதானே வருது?”

“அக்கா, அது வந்து...”

“டைரக்டர் சார்!” மைக் செட் பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்து நின்றாள். முன் வரிசை, பின் வரிசை எல்லாம் திரும்பியது. “எங்களுக்கு மட்டும் சொல்லுங்க. அக்கா வர்றது அழுகை சீனா? கர்ச்சீப்பு எடுத்து வெச்சுக்கணுமா?”

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அக்கா வெட்கத்தோடு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “பாருங்க, பாருங்க” என்று சொல்லிச் சிரித்தார் இயக்குநர். விளக்கு அணைந்தது. அந்த இருட்டு வந்ததற்காக அவர் சந்தோஷப்பட்டார் என்பதுதான் கேவலம்.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. ஹீரோ கையுறையைக் கழற்றினார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வருது, வருது” என்று மைக் செட் தியேட்டர் முழுவதற்கும் கிசுகிசுத்தாள். ஹீரோ கதவைத் தள்ளினார். அடுத்த ஷாட்டில் கார் மழையில் பறந்தது. விசில் மறுபடி கிளம்பியது.

அக்கா தம்பி பக்கம் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. ஆஸ்பத்திரி காட்டப்படும் ஒவ்வொரு தடவையும் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. சண்டை வந்தது, பாட்டு வந்தது, ஹீரோ கோர்ட்டில் நின்று நியாயம் பேசினார். பாதிச் சண்டையிலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு செருப்பைப் பார்த்தார். அக்கா எந்த நிமிஷத்தில் பின்னால் சாய்ந்தாள் என்பது மட்டும் இயக்குநருக்குத் தெரியவில்லை. அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

விளக்கு எரிந்தது. வரிசை மொத்தமும் அக்காவைப் பார்த்தது. மைக் செட்டுக்கே குரல் எழும்பவில்லை. “என்னக்கா, நீங்க...” என்று இழுத்தாள்.

அக்கா சிரித்தாள். “நான்தான்டி எடுத்துடச் சொன்னேன். அவ்ளோ பெரிய திரையில என் மூஞ்சியைப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா வரமாட்டீங்கன்னுதான் வாயைத் தொறக்கலை. தம்பி பாவம், இருக்கட்டும்க்கா, இருக்கட்டும்க்கான்னு கெஞ்சினான். நான்தான் பிடிவாதமா நின்னுட்டேன்.”

“அட போங்கக்கா” என்றாள் மைக் செட். நம்பிவிட்டாள். எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தி, இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். இயக்குநர் பக்கத்திலேயே நின்று அதையும் கேட்டுக்கொண்டார். இல்லை, அப்படி நடக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போதும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மாமா வண்டியை எடுக்கப் போனார். பார்க்கிங் சரிவுக்குப் பக்கத்தில், போஸ்டர் ஒட்டிய தூண் ஓரமாக அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

“எதுக்குக்கா அப்படிச் சொன்னே?”

“வேற என்ன சொல்றது? கூடப் பொறந்தவகிட்டயே சொல்லாம எடுத்துட்டான்னா? உனக்குல்ல அசிங்கம்.” அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்டா. நான் என்ன கோர்ட்டுக்கா போகப் போறேன்? அழச் சொன்ன எடத்துல அழலை, ஒரே ஒரு வரி, அதையும் மறந்தாச்சு. நான் பண்ணின லட்சணம் எனக்குத் தெரியாதா? உன் படத்தைக் கெடுத்துடப் போறேனோன்னு அன்னிலேருந்தே பயம்தான்.”

“இல்லக்கா. நீ நல்லா பண்ணலைன்னு தூக்கலை. நல்லா பண்ணினதாலதான் தூக்கினேன்.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ‘கட்’ சொல்ல வாய் வராமல் நின்றதை, லைட்மேன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுததை, எடிட்டிங் அறையில் ஹீரோ உட்பட எல்லோரும் அவளையே பார்த்ததை, ஹீரோ பேசி முடிப்பதற்குள் தான் முந்திக்கொண்டு தூக்கிடலாம் என்றதை. அடுத்த படத்துக்கு ஆசைப்பட்டதையும் ஒளிக்கவில்லை. “நான் கோழைக்கா. அவ்வளவுதான்” என்று முடித்தார்.

அக்கா முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவர் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள்.

“நல்லா சொல்றடா. லைட்மேனைக்கூட விடலை பாரு, அவரையும் அழ வெச்சுட்டே.”

“நெஜம்க்கா!”

“சரி, சரி. மாடியில உன் கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகினவடா நான். என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியை உன் மேலயே போட்டுக்கறே. கோழையாம்! நீயா? எத்தனை வருஷம் போராடி மேல வந்திருக்கே.”

இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த சீன் எடிட்டர்கிட்ட இருக்கு. இப்பவே போலாம், வா. நீயே உன் கண்ணால பாரு.”

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. கையை உருவிக்கொண்டாள். “இன்னும் வெச்சிருக்கீங்களா அதை?”

“பத்திரமா இருக்கு.”

“வேணாம்டா.” முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. “நான் பாக்க மாட்டேன். யாரும் பாக்க வேணாம். நாலு பேர் போட்டுப் பாத்துச் சிரிக்கறதுக்கா? அழிச்சுடச் சொல்லு. இவ்ளோ நாள்ல உன்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்லை. இது ஒண்ணு பண்ணுடா எனக்காக.”

“யாரும் சிரிக்கலைக்கா...”

“பண்ணுவியா, மாட்டியா?”

மேடையேறிக் கத்தினாலும் இனி அவள் நம்பப்போவதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய நாளெல்லாம் போன பிறகு சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகிவிடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “பண்றேன்” என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கினவள் மாதிரி மூச்சு விட்டாள்.

அதற்குள் பேக்கிங் பிரிவு சரிவில் இறங்கி வந்துவிட்டது. டைரக்டரோடு ஒரு போட்டோ வேண்டும் என்று மைக் செட் தூரத்திலிருந்தே கேட்டாள். அக்கா அவர்களை வரிசையாக நிற்க வைத்தாள், தம்பியை நடுவில் தள்ளினாள், மைக் செட்டின் கையிலிருந்து மொபைலை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“நீயும் வாக்கா” என்றார் இயக்குநர்.

“எனக்கெதுக்கு? நான் எடுக்கறேன்.” மொபைலைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். “ஏன்டா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? படம்தான் நல்லா ஓடுதே. கொஞ்சம் சிரிடா.”

அவர் சிரித்தார். படத்தில் அது நன்றாகவே விழுந்தது.